சுவாமியாரின் கையெழுத்தில் பாட்டன் பெயர்: பழைய பங்குப் பதிவேடுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் வட பேராக்கில் உள்ள பாகான் செராயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு, முன்னோரின் பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம் பெரும்பாலும் பங்குக் கோயிலின் பதிவேடாகவே இருக்கும். தோட்டங்கள் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் கிராணிமார், அதாவது தோட்டக் கணக்கர்கள், எழுதிய செக்ரோல் என்ற ஆள் பதிவுப் புத்தகங்கள் பல காணாமற்போயின. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிறப்புப் பத்திரம் எடுக்கப்பட்டதாகவும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார், அதைப் புத்தகத்தில் பதிந்துவைக்கத் திருச்சபைச் சட்டப்படி கடமைப்பட்டவர். ஆகவே பெயர் அங்கே இருக்கும். அதைப் படிப்பதுதான் கடினம்.

தமிழ்த் தாய் ஒருத்தி சொன்ன பெயரைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் காதுக்குக் கேட்டவாறு வாங்கிக்கொண்டு, உரோமன் எழுத்தில், லத்தீன் இலக்கணத்துக்கு வளைத்து, மைக்கூட்டில் தொட்ட பேனாவால் விரைந்து எழுதியிருக்கிறார். இப்படிப் பல கைமாறி வந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால், உலகில் எவரும் சூட்டியிராத ஒரு பெயர்தான் கிடைக்கும். எழுதியவர் யார், அவர் எப்படிக் கேட்டார், எப்படி எழுதுவார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதன்பின் பெயருக்கு வருவதே நான் பரிந்துரைக்கும் முறை. உரோமன் எழுத்துகளை இக்கட்டுரையில் ஏ, பி, சி என்று அவற்றின் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

கோயிலுக்குப் போகுமுன்

வீட்டில் உள்ளதைத் திரட்டிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை மலாயாவில் 1948இல் வந்தது; அதிலிருக்கும் பெயர் பதிவேட்டில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, செக்ரோலில் கிராணி எழுதிய பெயர் ஒன்று என மூன்று பெயர்கள் இருந்தது தோட்டத்தில் சாதாரணம். ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது "தாத்தாவின் பெயர் என்ன?" என்பதோடு நிறுத்தாமல், எப்படிக் கூப்பிடுவார்கள், எந்தப் புனிதரின் திருநாளைக் கொண்டாடினார், ஞானத்தகப்பன் ஞானத்தாய் யார், எந்தத் தோட்டத்தில் எந்தக் கங்காணியின் ஆள்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் உள்ள பெயரும் தேதியும் கைபேசிப் படமாக உங்களிடம் இருக்கட்டும்.

பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, எந்த ஆண்டுகளுக்கு உட்பட்ட பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டு அனுமதி பெறுவது முறை. உயிரோடிருப்பவர்களின் பதிவுகளைக் காட்ட மறுத்தால் அதை மனக்குறையாகக் கொள்ள வேண்டாம். அந்தப் பக்கங்களில் பிறருடைய குடும்ப இரகசியங்களும் இருக்கின்றன. வட பேராக் இன்று பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மறைமாவட்டம் 1955இல் உருவானது. அதற்கு முன் 1888 முதல் இப்பகுதி மலாக்கா மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. பழைய ஏட்டில் "மலாக்கா" என்று கண்டால் மலாக்கா மாநிலத்தில் நடந்த சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம்.

சுத்தமான, உலர்ந்த கை போதும்; கையுறை வேண்டியதில்லை. பென்சில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஏட்டை வைத்தால், மை மங்கினாலும் பேனா முனை அழுத்திய தடம் தெரியும். அக்காலத்து இரும்பு மை பழுப்பாகி வெளிறியிருக்கும். வீட்டுக்கு வந்தபின் படத்தைத் திருத்தும் செயலியில் நீல அலைவரிசையை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் அந்த எழுத்து ஓரளவு மேலெழும். நீங்கள் தேடும் பதிவை மட்டும் படமெடுக்காமல், முன்னும் பின்னும் சில பக்கங்களைச் சேர்த்து எடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

எழுதியவர் யார்

மலாயாவின் தமிழ்ப் பங்குகளுக்கு 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் 1658இல் தொடங்கிய பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென நிலம் பெற்றுச் சூசைப்பாளையத்தை அமைத்த ஃபே சுவாமியார் அச்சபையினர்தான். அவரே பின்னர் மலாக்காவின் ஆயரானார். அதே சபை புதுச்சேரியிலும் பணியாற்றியது. தமிழ் ஒலிகளைப் பிரெஞ்சு முறையில் எழுதும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. அந்த எழுத்துமுறையை நம் ஏடுகளிலும் காணலாம்.

ஏட்டைத் திறந்ததும் உங்கள் பெயரைத் தேடாதீர்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் உள்ள கையொப்பத்தைப் பார்த்து, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எவர் எழுதினார் என்று ஒரு சிறு பட்டியல் போடுங்கள். கைமாறும் இடத்தில் பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறும். ஒரே தம்பதியின் மூத்த பிள்ளை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலும், இளைய பிள்ளை ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் பதிவாகியிருந்தால் அவர்கள் வேறு குடும்பம் அல்லர், சுவாமியார்தான் வேறு.

லத்தீன் வாக்கியம் உங்களுக்குத் துணை

லத்தீன் என்றதும் பலர் ஏட்டை மூடிவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் இந்த வேலையின் எளிதான பகுதி, ஏனென்றால் வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதில்லை. ஆண்டும் நாளும் முதலில்; பிறகு "எகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ் பாப்திசாவி", அதாவது "கீழே கையொப்பமிட்ட நான் ஞானஸ்நானம் கொடுத்தேன்"; அடுத்து குழந்தையின் பெயர்; "நாத்தும்" அல்லது "நாத்தாம்" என்றால் பிறந்த; பிறகு தகப்பன் தாய் பெயர்; "பத்ரினுஸ்" ஞானத்தகப்பன், "மத்ரினா" ஞானத்தாய்; கடைசியில் கையொப்பம். குழந்தை ஆணா பெண்ணா என்பதை "நாத்தும்" ஆண், "நாத்தாம்" பெண் என்ற ஒரே எழுத்து வேற்றுமை காட்டிவிடும். பெயர் புரியாவிட்டாலும் இது புரிந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

பெயர்களின் ஈற்றைக் கவனிக்க வேண்டும். நாம் "அந்தோணியை, அந்தோணியின்" என்று உருபு சேர்ப்பதுபோல லத்தீனும் பெயரின் கடைசியை மாற்றும். "அந்தோனியுஸ்" எழுவாய், "அந்தோனியும்" என்றால் அந்தோணியை, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, "அந்தோனி" என இரண்டு ஐ எழுத்துகளோடு முடிந்தால் அந்தோணியின், அதாவது தகப்பன், "எக்ஸ்" என்ற சொல்லுக்குப் பின் "அந்தோனியோ" என்று வந்தாலும் தகப்பனே. பெண் பெயரில் "மரியா, மரியாம், மரியே" என்று மாறும். இவை நான்கு ஆள்களும் மூன்று பெண்களும் அல்லர். புதிதாக வருவோர் குடும்ப மரத்தில் இல்லாத உறவினரைச் சேர்த்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மாதங்களில் ஒரு பொறி உண்டு. 7 என்ற எண்ணுக்குப் பின் "பிரிஸ்" என்று சிறிதாக எழுதியிருந்தால் அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் என்ற உரோமன் பத்து டிசம்பர். ஜூலை, ஆகஸ்ட் என்று கணக்கிட்டால் பிறந்த நாள் இரண்டு மாதம் தள்ளிப்போகும். "பிரிதியே" முந்தைய நாள், "ஹெரி" நேற்று, "ஏயுஸ்தெம் மென்சிஸ்" அதே மாதம். பிரெஞ்சுக்காரரின் 1 நீண்ட கொம்போடு 7 போலவே இருக்கும். அவருடைய உண்மையான 7இன் நடுவில் குறுக்குக்கோடு ஓடும். தொடர்பாக ஒன்று: ஜப்பானியர் காலத்து அரசுப் பத்திரங்களில் 2602, 2603 என்று ஆண்டு கண்டால் அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு; அவை முறையே 1942, 1943.

எழுத்து வடிவங்கள்

இனி உங்களுக்கென ஓர் எழுத்துப் பலகையை நீங்களே உருவாக்க வேண்டும். ஒரு தாளில் ஏ முதல் இசட் வரை கட்டங்கள் போட்டு, சந்தேகமே இல்லாமல் படிக்கக்கூடிய சொற்களிலிருந்து, அதாவது மாதப் பெயர்கள், மேலே சொன்ன லத்தீன் வாக்கியம், சுவாமியாரின் கையொப்பம், மரியா அந்தோனியுஸ் போன்ற பெயர்கள் ஆகியவற்றிலிருந்து, ஒவ்வோர் எழுத்தையும் அவர் எழுதியபடியே வரைந்து நிரப்புங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சொல்லின் இறுதியில் வரும் வடிவம் மூன்றையும் தனித்தனியே வரையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பொதுவான பழைய எழுத்து அட்டவணைகளைவிட இது பன்மடங்கு பயன்படும். ஏனென்றால் நீங்கள் படிக்க வேண்டியது அக்கால ஐரோப்பியக் கையெழுத்து முழுவதையும் அல்ல, இந்த ஒரு மனிதரின் கையெழுத்தை மட்டும்.

மிகுந்த தொல்லை தருபவை சிறிய நிமிர்கோடுகளால் ஆன எழுத்துகள். ஐ ஒரு கோடு, என், யூ ஆகியவை இவ்விரண்டு, எம் மூன்று. விரைந்து எழுதும் கையில் இவற்றின் வளைவுகள் தேய்ந்து, வெறும் கோடுகளின் வரிசை மட்டும் மிஞ்சும். அப்போது ஊகிக்காமல் கோடுகளை எண்ணுங்கள். அன்னம்மாள் என்ற பெயரில் முதல் ஏக்கும் இரண்டாம் ஏக்கும் இடையே நான்கு கோடுகளும், இரண்டாம் ஏக்கும் மூன்றாம் ஏக்கும் இடையே ஆறு கோடுகளும் இருக்க வேண்டும். மூன்றும் ஆறும் இருந்தால் அது வேறு பெயர். ஐயின் புள்ளி பெரும்பாலும் வலப்பக்கம் தள்ளி விழும், அல்லது விழாமலே போகும். எனவே புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம்.

எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி எழுத்தின் குறுக்குக்கோடு அடுத்த தொல்லை. முத்து என்பதில் இரண்டு டி அடுத்தடுத்து வரும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு போடுவார்கள். பேனாவில் மை குறைந்தால் அந்தக் கோடும் மங்கிவிடும். அப்போது சவரிமுத்து, சவரிமுல்லு ஆகிவிடுகிறார். "முல்லு" என்று முடியும் பெயரைக் கண்டால் உருப்பெருக்கியை எடுங்கள்.

பெரிய எழுத்துகளில் எஸ், எல் இரண்டும் ஒரே சுழியில் தொடங்கும். டி, எஃப் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நிற்கும். ஐ, ஜே இரண்டும் பல கைகளில் ஒன்றே. சேவியர் பெயரின் முதலெழுத்தான எக்ஸ், முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வளைவுகளாக வருவதால் எச் என்று படிக்கப்படும். எஸ், எல் குழப்பத்தைத் தீர்க்க ஒரு சோதனை சொல்கிறேன். லூர்து என்ற பெயர் லூர்து நகர்க் காட்சிக்குப் பின், அதாவது 1858க்குப் பின் வழங்கலான பெயர். 1840இல் பிறந்தவராகக் கணக்கு வரும் ஒரு முதியவரின் இறப்புப் பதிவில் லூர்து என்று படித்திருந்தால், அந்த முதலெழுத்தை மறுபடியும் பாருங்கள்.

கேட்டவர் காது

எழுத்துகள் தெளிந்தபின், அவற்றைப் பிரெஞ்சு ஒலியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓ, யூ இரண்டும் சேர்ந்தால் உகரம். ஆங்கிலப் பழக்கத்தில் அதை ஔகாரமாகப் படித்தால் முத்து மௌட்டௌ ஆகிவிடும். டி, சி, எச் மூன்றும் சேர்ந்தால் நம் சகரம். சின்னப்பன் அப்படித் தொடங்கினால் வியப்பில்லை. ஜி, என் சேர்ந்தால் பிரெஞ்சில் நம் ஞகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. ஞானப்பிரகாசம், ஞானமுத்து ஆகிய பெயர்களை இன்றும் நம்மவர் ஜி போட்டு எழுதுவது இம்மரபோடு ஒத்திருக்கிறது. க்யூ, யூ சேர்ந்தால் ககரம். சொல்லின் இறுதியில் ஈ எழுத்து நின்றால் அது ஒலிக்காது. முன்னுள்ள மகர னகரங்களை மூக்கொலியாக விழுங்கிவிடாமல் முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. எனவே ஆரோக்கியம், இராயப்பன் ஆகியவை ஈயில் முடிந்திருந்தால் "ஆரோக்கியமே", "இராயப்பனே" என்று விளிக்க வேண்டியதில்லை. நம் ழகரத்தைப் புதுச்சேரிப் பழக்கத்தில் ஜேயால் எழுதுவதுண்டு. ஒரு இந்து உறவினரின் பெயர் "பஜனி" என்று தெரிந்தால் அது பழனி. தனித்து வரும் எச் பிரெஞ்சில் ஒலிக்காத எழுத்தாகையால் அது இருப்பதற்கும் இல்லாததற்கும் பொருள் இல்லை.

கையெழுத்தைப் படித்துத் தரும் செயலிகள் லத்தீன் வாக்கியத்தை ஓரளவு படித்துவிடும். தமிழ்ப் பெயர் வந்ததும் தமக்குத் தெரிந்த ஐரோப்பியப் பெயராக அதை மாற்றிவிடும் அபாயம் உண்டு. அவை தரும் விடையைச் சாட்சியாக ஏற்காமல் ஓர் ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கே இரண்டு பெயர்

சில சுவாமியார்கள் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் அதற்குரிய லத்தீன் புனிதர் பெயரையே எழுதிவிட்டார்கள். இந்த இணைகள் தெரியாமல் தேடினால் பெயர் கண்முன் இருந்தும் தெரியாது. சூசை யோசேஃபுஸ் ஆவார், இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், யாகப்பனும் சந்தியாகுவும் யாக்கோபுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ், முடியப்பன் ஸ்தெஃபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், சவரி, எக்ஸில் தொடங்கும் சவேரியுஸ், இன்னாசி இக்னாசியுஸ், தேவசகாயம் லாசருஸ். ஏட்டின் இறுதியில் அகரவரிசைப் பட்டியல் இருந்தால் அது பெரும்பாலும் ஞானஸ்நானப் பெயரின் முதலெழுத்துப்படி அமைந்திருக்கும்; ஆகவே சூசையை எஸ்ஸிலும் ஜேயிலும், சவரியை எஸ்ஸிலும் எக்ஸிலும், இராயப்பனை ஆரிலும் பியிலும் தேடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாததால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே எழுத்தின் கீழ் கிடைப்பார்கள் என்ற ஐரோப்பிய வழிகாட்டிகளின் அறிவுரை இங்கே உதவாது.

விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு பதிவைப் பார்ப்போம். 1899, "9பிரிஸ்" 4, குழந்தை "சவேரியும்", "நாத்தும் பிரிதியே", தகப்பன் "யோசேஃபி", அதையடுத்து டி சி எச் என்று தொடங்கும் தமிழ்ச் சொல், தாய் "அன்னே". 1899 நவம்பர் 3 பிறந்த ஆண் குழந்தை சவரிக்கு மறுநாள் ஞானஸ்நானம். தகப்பன் சூசை, தாய் அன்னம்மாள் என்பது வரை உறுதி. தகப்பன் பெயருக்குப் பின்வரும் சின்னப்பன் யார்? அது சூசையின் தகப்பன் பெயராக இருக்கலாம். சூசையையே லயத்தில் கூப்பிட்ட பெயராகவும் இருக்கலாம். ஒரே பதிவை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதற்காகத்தான் முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் படமெடுக்கச் சொன்னேன்: அதே தம்பதியின் மற்றப் பிள்ளைகள், சூசை ஞானத்தகப்பனாக நின்ற வேறு பதிவுகள், அவர் திருமணப் பதிவு ஆகியவற்றில் அவர் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்று ஒப்பிட வேண்டும். திருமணப் பதிவில் மணமகனின் தகப்பன் பெயர் தனியே குறிக்கப்பட்டிருக்கும். சந்தேகம் பெரும்பாலும் அங்கே தீரும்.

பெரியவர்களின் ஞானஸ்நானத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே வரலாம். "எக்ஸ் பாரெந்திபுஸ் பகானிஸ்" என்பது பெற்றோர் கிறிஸ்தவர் அல்லர் என்ற குறிப்பு. இக்காலத்துக்கு உவப்பான சொல் அல்ல. ஆனால் உங்கள் குடும்பம் எந்தத் தலைமுறையில் மதம் மாறியது என்பதை அந்தச் சொல்தான் காட்டும்.

ஓரத்தில் எழுதியவை

1908இல் நடைமுறைக்கு வந்த ஒரு திருச்சபை ஆணைப்படி, ஒருவருக்குத் திருமணம் ஆனதும் அவரது ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பை இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு சுவாமியார் வேறு மையில் எழுதியிருப்பார். முதல் கையில் படிக்க முடியாத பெயர் இரண்டாம் கையில் தெளிவாக இருக்கக்கூடும். துணையின் பெயரும் திருமணம் நடந்த ஊரும் அதோடு கிடைக்கும். எனவே பதிவைப் படமெடுக்கும்போது ஓரம் வெட்டுப்படாமல் எடுங்கள்.

திருமணப் பதிவில் சாட்சிகளோ மணமக்களோ தமிழில் கையொப்பமிட்டிருந்தால் அது பெரும் பேறு. பழைய தமிழ்க் கையெழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளி விடுபட்டிருக்கும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். ணை, லை, னை ஆகியவை யானைக்கொம்போடு இருக்கும். இவற்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் படித்துவிடலாம்.

இறப்புப் பதிவில் பெயர் இல்லை என்பதாலேயே ஒருவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார் என்று முடிவு செய்யாதீர்கள். 1942க்கும் 1945க்கும் இடையில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மாண்ட தோட்டத் தமிழர்களின் இறப்பு பெரும்பாலும் பங்கு ஏடுகளில் ஏறவில்லை.

ஆங்கிலிகன், மெதடிஸ்ட் கோயில்களின் ஏடுகளைத் தேடுவோருக்கு வேலை இலகு: பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டம் போட்ட பக்கங்களில் இருக்கும். எழுத்துப் பலகையும் கோடு எண்ணுவதும் அங்கேயும் பொருந்தும்.

படித்ததை எழுதிவைத்தல்

மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதல் பத்தியில் ஏட்டில் உள்ளபடி, பிழை என்று தோன்றினாலும் திருத்தாமல், எழுத்துக்கு எழுத்து. இரண்டாவதில் உங்கள் வாசிப்பு தமிழில். மூன்றாவதில் ஐயமும் அதற்கான காரணமும். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள். இரண்டு வாசிப்புகள் சமமாகப் பொருந்தினால் இரண்டையும் வைத்திருங்கள். ஏட்டின் பெயர், ஆண்டு, பக்கம், பதிவு எண், எழுதிய சுவாமியார் ஆகியவை ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். குடும்ப மரம் வரையும் உற்சாகத்தில் முதல் பத்தியைத் தவிர்த்து நேரே தமிழ்ப் பெயரை எழுதுவோர் பலர்; பிறகு ஐயம் எழும்போது திரும்பிப் பார்க்க அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை. பங்கு அலுவலகம் தரும் சான்றிதழும் ஒருவர் படித்து எழுதிய நகல்தான். அதில் உள்ள பெயர் உங்கள் வாசிப்போடு மாறுபட்டால் மூல ஏட்டைக் காட்டும்படி பணிவோடு கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பங்குக்கு எழுதும் கட்டம் வந்தால், ஊர் பெயரையும் இதே முறையில் படிக்க வேண்டும். நாகப்பட்டினம் "நெகபட்டம்" என்றும், காரைக்கால் "காரிக்கல்" என்றும் நிற்கும். ஊர் தெரிந்தபின், அந்த ஆண்டில் அது எந்த மறைமாவட்டத்தில் இருந்தது என்று பாருங்கள்: கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல்தான் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது, எனவே அதற்கு முந்தைய குறிப்பில் புதுச்சேரி என்றிருந்தாலும், இன்று கடிதம் போக வேண்டியது கும்பகோணத்துக்காக இருக்கலாம். கடிதத்தில் முன்னோரின் பெயரை ஒரே வடிவத்தில் எழுதாமல் தமிழ்ப் பெயர், லத்தீன் பெயர், ஏட்டில் கண்ட எழுத்துக்கூட்டல் மூன்றையும் கொடுத்து, தகப்பன் பெயர், பிறந்திருக்கக்கூடிய ஆண்டுகள், கப்பலேறிய காலம் ஆகியவற்றைச் சேர்த்து, பதிவின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.